அப்ப கடவுளோ தம்பி பிடிச்சது?

புளியங்கூடலில் அந்த வீட்டுக்கு நாங்கள் போனது ஒரு மே மாதப் பின்னேரம். மாதாவின் மாதம், வீடு வீடாகச் செபமாலை. புளியங்கூடல் என்றால் மகாமாரி அம்மன் கோயில்தான் எவருக்கும் முதலில் ஞாபகம் வரும். அன்றைக்கு நாங்கள் இருந்த கதிரைகளும் பக்கத்துச் சைவ வீட்டிலிருந்து வந்தவைதான். செபமாலை முடிந்ததும் ஐந்து நிமிசம் ஒரு சிறு சிந்தனை சொல்வது எங்கள் வழக்கம். அது எங்களில் ஒருவரின் முறை. யார் என்று கேட்காதீங்கோ, வேறு யார் சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம்.

மரியாளின் கீழ்ப்படிதலைப் பற்றிச் சொன்னார். வடிவாகத்தான் சொன்னார். முடிக்கிற நேரம் சுவரில் தொங்கிய ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு விளங்காட்டியும் எல்லாத்துக்கும் ஆண்டவரிட்ட ஒரு திட்டம் இருக்கு. அதுக்கு எங்களைக் கையளிக்கிறதுதான் விசுவாசம்" என்றார்.

படத்தில் இருந்தது அந்த வீட்டு அம்மாவின் மகன். 2007இல் யாழ்ப்பாணம் ரவுணுக்கு என்று போனவர், திரும்பி வரவில்லை. படத்துக்கு மாலை இல்லை. மாலை போட்டால் முடிந்துவிட்டது என்று அர்த்தம், அதனால் போடவில்லை.

அம்மா தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தார். குரலில் கோபம்கூட இல்லை. "அப்ப கடவுளோ தம்பி என்ர பிள்ளையைப் பிடிச்சது?" என்று கேட்டார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு அவரேதான், "ஆறப்போகுது, குடியுங்கோ" என்றார்.

திரும்பி வரும் வழி முழுக்க நாங்கள் ஒன்றும் கதைக்கவில்லை. கதைக்கத் தொடங்கியது அடுத்த கிழமை. இந்தக் கட்டுரை அந்தக் கதையின் மிச்சம்தான். எங்களில் சிலருக்கு இதில் இன்னும் உடன்பாடு இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

"ஆண்டவரின் திட்டம்" என்ற வசனத்தை நாங்கள் எங்கெல்லாம் பாவிக்கிறோம் என்று ஒருநாள் இருந்து யோசித்துப் பார்த்தோம். ஏ.எல். பரீட்சையில் இரண்டு பாடம் போனால் ஆண்டவரின் திட்டம். கனடா விசா மறுக்கப்பட்டால் திட்டம், அடுத்த தடவை கிடைத்தால் அதைவிடப் பெரிய திட்டம். பொருத்தம் சரிவராமல் போன கலியாணம், கடையைப் பூட்ட வேண்டி வந்தது, மழையில்லாமல் போன தோட்டம், எல்லாம் இதற்குள் அடங்கும். சின்ன விசயங்களில் இந்தப் பேச்சு ஒருவருக்கும் தீங்கு செய்வதில்லை. விழுந்த பிள்ளையைத் தூக்கி "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று தடவுகிற மாதிரி.

ஆனால் ஒன்றைக் கவனித்தோம். பெரிய விசயங்களில் இது எப்போதும் மேலிருந்து கீழாகத்தான் வருகிறது. தகப்பன் மகளுக்குச் சொல்வார். போதகர் கேள்வி கேட்கிற பெடியனுக்குச் சொல்வார். இழக்காதவர் இழந்தவருக்குச் சொல்வார். அந்த அம்மா எங்களிடம் இப்படி ஒருநாளும் சொன்னதில்லை. பெற்றோருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் திருமுகத்து வசனத்தை மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்கு மனப்பாடமாக்கினார்கள். அதே அதிகாரத்தில், நாலு வரி தள்ளி, பிள்ளைகளை எரிச்சல்படுத்தாதீர்கள் என்று தகப்பன்மாருக்கும் ஒரு கட்டளை இருக்கிறது. அதை எங்களுக்கு யாரும் மனப்பாடமாக்கவில்லை. எங்கள் அப்பாமாருக்கும் ஆக்கியிருக்க மாட்டார்கள்.

இந்தச் சொல்லே கொஞ்சம் பிரச்சினைதான். கீழ்ப்படிதல். கீழே படிதல், தண்ணீருக்கு அடியில் வண்டல் படிகிற மாதிரி. இராணுவத்துக்கும் கந்தோருக்கும் பொருந்துகிற சொல். ஆனால் வீட்டில் நாங்கள் இந்தச் சொல்லைப் பாவிப்பதே இல்லை. "அவன் சொல்வழி கேக்கிற பிள்ளை" என்போம். "சொன்னாக் கேள்" என்போம். விவிலியத்தின் எபிரேயச் சொல்லும் அதுதான்: ஷெமா, கேள். இஸ்ராயேல் மக்களின் முதன்மையான செபமே அந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. பிற்பாடு இலத்தீனில் வந்த சொல்லுக்குள்ளும் காது கொடுத்துக் கேட்பது என்ற கருத்துத்தான் கிடக்கிறது. தமிழுக்கு இன்னும் ஒரு கொடுப்பினை. எங்கள் 'கேள்' என்ற சொல்லில் காதால் கேட்பதும் இருக்கிறது, சொன்னபடி நடப்பதும் இருக்கிறது, வாய் திறந்து கேள்வி கேட்பதும் இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே சொல்.

மரியாள் மூன்றையும் செய்தவர். வானதூதர் சொன்னதைக் காதால் கேட்டார். உடனே தலையாட்டவில்லை, இது எப்படி நடக்கும் என்று திருப்பிக் கேட்டார். பதில் வந்த பிறகுதான் சம்மதம் சொன்னார். லூக்கா அந்தக் கேள்வியை எழுதாமலே விட்டிருக்கலாம். மரியாளை இன்னும் சாந்தமான பெண்ணாகக் காட்டியிருக்கலாம். அவர் விடவில்லை. அன்றைக்கு எங்கள் சிந்தனையில் நாங்கள் விட்டது சரியாக அந்தக் கேள்வியைத்தான்.

இனி அல்லைப்பிட்டிக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டித் தீவுக்குள் வந்தால் மண்டைதீவுச் சந்திக்குப் பிறகு அல்லைப்பிட்டி. பிறகு மண்கும்பான், வேலணை, சரவணை, புளியங்கூடல், நாரந்தனை, கரம்பொன், கடைசியில் ஊர்காவற்றுறை. தீவார் எல்லாருக்கும் மனப்பாடமான வரிசை இது. 2006 மே 13ஆம் திகதி இரவு இந்த வரிசையில் மூன்று ஊர்களில், அல்லைப்பிட்டியிலும் வேலணையிலும் புளியங்கூடலிலும், பொதுமக்கள் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அல்லைப்பிட்டியில் இறந்தவர்களில் ஒன்று நான்கு மாதக் குழந்தை, ஒன்று நான்கு வயதுப் பிள்ளை. எங்களில் பலர் அப்போது அந்த நான்கு வயதுக்குக் கிட்டத்தட்ட இருந்தோம்.

அந்த அல்லைப்பிட்டிக்குத்தான் அருட்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம்பிறவுண் பங்குத்தந்தையாக அனுப்பப்பட்டார். அவருக்கு 34 வயது. முன்பிருந்த குருவானவருக்கு அச்சுறுத்தல் வந்த பிறகு நடந்த மாற்றம் அது. குருப்பட்டத்தின்போது ஒரு மறைமாவட்டக் குரு தன் இரண்டு கைகளையும் ஆயரின் கைகளுக்குள் வைத்து, உமக்கும் உமக்குப் பின் வருபவர்களுக்கும் கீழ்ப்படிவேன் என்று வாக்குக் கொடுப்பார். பார்த்தவர்களுக்குத் தெரியும், பூசைக்கு வந்த தாய்மார் அழுகிற இடம் அது. அந்த வாக்கின்படி ஜிம்பிறவுண் சுவாமி போனார்.

போய்ச் சில கிழமைகளுக்குள் சண்டை தொடங்கிவிட்டது. ஆகஸ்ட் 11ஆம் திகதி முகமாலை மூடியது. ஆகஸ்ட் 13, ஞாயிறு விடியற்காலை, சனம் தஞ்சமடைந்திருந்த அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் கோயில்மேல் எறிகணைகள் விழுந்தன. குறைந்தது 15 பேர் இறந்தார்கள், காயக்காரர் அதைவிடக் கூட. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பாதை திறந்துவிடும்படி சுவாமி கடற்படையிடம் மன்றாடினார். மிஞ்சிய சனத்தைக் கூட்டிக்கொண்டு ஊர்காவற்றுறைக்குப் போனார். அடுத்த ஞாயிறு, ஆகஸ்ட் 20, தன் பங்கைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் மறுபடி அல்லைப்பிட்டிப் பக்கம் வந்தார். கூட ஒரு உதவியாளரும் வந்தார். அல்லைப்பிட்டிக் கடற்படைச் சோதனைச் சாவடியடியில் அவர்கள் இருவரும் கடைசியாகக் காணப்பட்டார்கள். தங்களிடம் இல்லை, போய்விட்டார்கள் என்றது கடற்படை. அவர்களுக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை யாரும் பொறுப்புச் சொல்லவில்லை.

இந்தக் கதையில் கடவுளின் திட்டம் எது? எங்களுக்குள் நடந்த சண்டை முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான். எங்களில் ஒருவர், "சுவாமி தன்னை முழுசாக் கையளிச்சவர், அவருக்கு நடந்ததும் அந்தக் கையளிப்புக்குள்ளதான் வரும்" என்றார். மற்றவர் கத்தினார்: "அப்ப சென்றியில நிண்டவனும் கடவுளின்ர சித்தத்தைத்தானே செய்தவன்? அவனுக்கு ஏன் தண்டனை கேக்கிறம்?"

அந்தக் கத்தலில் இருந்த நியாயத்தைத் தாண்டி எங்களால் போக முடியவில்லை. நடந்ததெல்லாம் கடவுளின் சித்தம் என்றால், துவக்கு வைத்திருந்தவனும் செபமாலை வைத்திருந்தவரும் சமமான கீழ்ப்படிவுள்ளவர்கள் ஆகிவிடுகிறார்கள். அப்படியொரு கடவுளை எங்களுக்குத் தெரியாது.

நாங்கள் இப்படி விளங்கிக்கொள்கிறோம். அவர் அல்லைப்பிட்டிக்குப் போனது கீழ்ப்படிதல். காயக்காரருக்காகச் சீருடைக்காரரிடம் போய்க் கேட்டது கீழ்ப்படிதல், அதுவும் 'கேள்' என்ற சொல்லின் மூன்று அர்த்தத்திலும். பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகும் திரும்பிப் போனது கையளிப்பு. அதோடு கடவுளின் பங்கு நிற்கிறது. சாவடியடியில் நடந்தது மனிதர்கள் தங்கள் மனப்படி செய்தது. அதைக் கடவுளின் கணக்கில் எழுதினால், செய்தவரின் கணக்கு வெறுமையாகிவிடும்.

அந்த உதவியாளரைப் பற்றி இரண்டு வரி. மறைசாட்சிகளைப் பற்றிய பேச்சில் அவர் எப்போதும் "கூடச் சென்றவர்" ஆகவே வருகிறார், நாங்களும் அப்படித்தான் எழுதிவிட்டோம். குருவுக்காவது ஆயரிடம் கொடுத்த வாக்கு இருந்தது. இவர் யாருடைய கைக்குள்ளும் கை வைத்து வாக்குக் கொடுத்தவரில்லை. சுவாமி தனியப் போகக்கூடாது என்று கூடப் போனார், அவ்வளவுதான். கீழ்ப்படிதல் என்றால் என்ன என்று எங்களிடம் யாரும் கேட்டால், முதலில் இவரைத்தான் காட்டுவோம் என்று நினைக்கிறோம்.

இப்படிக் கூடப் போனவர்கள் எங்கள் திருச்சபை வரலாற்றில் புதிதில்லை. 1687இல் ஒல்லாந்தர் ஆட்சியில், கத்தோலிக்கக் குருக்கள் நாட்டுக்குள் வரவே தடை இருந்தபோது, புனித யோசேப் வாஸ் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். அவரோடும் யோன் என்று ஒரு பணியாள் வந்திருந்தார். பிச்சை எடுத்து, ஒளித்து, இரவில் பூசை வைத்தார்கள். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் யோசேப் வாசைப் புனிதராக அறிவித்தபோது எங்களில் சிலரின் வீட்டார் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள். நாட்டின் சட்டத்தை மீறியவர் அவர். சட்டப்படி பார்த்தால் அன்றைய ஆட்சியாளருக்குக் கீழ்ப்படியாதவர். இதில் இன்னொன்று: வாஸ் சேர்ந்திருந்தது பிலிப்பு நேரியார் தொடங்கிவைத்த ஒறற்றோரியன் சபையில். அல்லைப்பிட்டிக் கோயிலின் பாதுகாவலரும் அதே பிலிப்பு நேரியார்தான்.

"அதிகாரம் எல்லாம் கடவுளிடமிருந்து வருது எண்டு பவுல் எழுதியிருக்கிறாரே" என்று ஒரு பெரியவர் எங்களிடம் கேட்டார். உண்மைதான், உரோமையர் 13ஆம் அதிகாரம். அதை எழுதிய பவுல் எத்தனை தரம் சிறைக்குப் போனார் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அதே வசனத்தைச் சொல்லித்தான் ஹிட்லரின் காலத்தில் ஒஸ்திரியாவில் பிரான்ஸ் யேகர்ஸ்ரற்றர் என்ற கமக்காரரையும் மடக்கப் பார்த்தார்கள். இந்தப் போர் அநியாயம், இதில் சண்டை பிடிக்க மாட்டேன் என்றார் அவர். சின்னப் பெண்பிள்ளைகளின் தகப்பன். குடும்பத்தை யோசி என்று அவருடைய ஆயரே புத்தி சொன்னார். கேட்கவில்லை. 1943 ஆகஸ்ட் 9ஆம் திகதி தலை வெட்டப்பட்டது. 2007இல் அதே திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவர் என்று அறிவித்தது. அன்றைக்கு ஆயருக்குக் கீழ்ப்படியாத ஒருவரைத்தான் இன்றைக்கு ஆயர்கள் பீடத்தில் வைத்து வணங்குகிறார்கள். இதை எழுதும்போது எங்களுக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

சரி, அப்படியென்றால் கையளிப்பு என்று ஒன்று இல்லையா, எல்லாவற்றையும் எதிர்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா? இல்லை. எங்களுக்குக் கையளிப்பில் நம்பிக்கை இருக்கிறது. அதற்கும் நாங்கள் தூரம் போகத் தேவையில்லை. புளியங்கூடலிலிருந்து ஊர்காவற்றுறைப் பக்கம் கொஞ்சத் தூரம் போனால் கரம்பொன். 1913 ஆகஸ்ட் 2ஆம் திகதி தனிநாயகம் அடிகள் பிறந்த ஊர். உரோமாபுரியில் படித்துக் குருவாகி, பல ஐரோப்பிய மொழிகளும் தெரிந்துகொண்டு வந்தவருக்கு 1940இல் கிடைத்த இடம் திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம், ஒரு பள்ளிக்கூடம். உரோமையில் படித்துவிட்டு வந்த ஒரு இளைஞனுக்கு அது எப்படியிருந்திருக்கும் என்று நாங்கள் ஊகிக்கத்தான் முடியும். அங்கே அவர் கண்டுகொண்டது, தனக்குத் தன் மொழியே சரியாகத் தெரியாது என்பதை. பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவனாக இருந்து தமிழ் படித்தார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. ஒரு இடமாற்றக் கடிதத்துக்கு அவர் கொடுத்த சம்மதத்திலிருந்து இவ்வளவும் வந்தது.

இதைத் திட்டம் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றுதான் நாங்களும் நினைக்கிறோம். ஆனால் இரண்டு விசயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அவர் சும்மா இருக்கவில்லை. போன இடத்தில் கண் திறந்து பார்த்து, தன் குறையை ஒத்துக்கொண்டு, படித்தார். இரண்டு, இந்தக் கதையின் திட்டம் எண்பது வருசத்துக்கு மேல் கழித்துத் திரும்பிப் பார்க்கிற எங்களுக்குத்தான் தெரிகிறது. 1940இல் வடக்கன்குளத்தில் நின்று யாராவது அவரிடம் "சுவாமி, இது கடவுளின் திட்டம்" என்றிருந்தால் அது வெறும் வாய்ப்பேச்சுத்தான்.

திரும்பிப் பார்த்துச் சொல்லுகிற சாட்சியங்களில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். அதற்குப் பிறகு வந்த கிழமைகளில், அன்றைக்குப் பிந்தி எழும்பியதால் தப்பினோம், பஸ்ஸை விட்டதால் தப்பினோம், கர்த்தருக்கு எங்களில் ஒரு திட்டம் இருக்கிறது என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டோம். தப்பியவர் நன்றி சொல்லத்தான் வேண்டும், அதில் குறை பிடிக்க மாட்டோம். ஆனால் சீயோன் தேவாலயத்தில் செத்த பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்கு நேரத்துக்குப் போன பிள்ளைகள். அவர்களின் தாய்க்கு முன்னால் நின்று அந்தச் சாட்சியத்தை அப்படியே சொல்ல முடியுமா? முடியாதென்றால் அந்தச் சாட்சியத்தில் எங்கோ ஒரு பிழை இருக்கிறது.

அந்தத் தாக்குதலுக்குப் பிறகு கத்தோலிக்கத் திருச்சபை என்ன செய்தது? ஆண்டவரின் திட்டம் என்று கோப்பை மூடவில்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் விசாரணை வேண்டும் என்று ஆண்டாண்டாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. கேட்டபடியால் வந்த தீர்ப்பு. அந்தக் கேட்டலை நாங்கள் மதிக்கிறோம். பிலிப்பு நேரியார் கோயிலில் செத்த சனத்துக்காகவும் அதே குரலில், அதே அளவு சத்தத்தில், தெற்கிலிருந்தும் யாராவது கேட்டிருக்கலாம் என்ற ஒரு சின்ன மனவருத்தம் எங்களுக்கு உண்டு. எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும், அதனால் எழுதுகிறோம்.

எங்கள் தலைமுறைக்குச் 'சரணடைதல்' என்ற சொல்லும் சும்மா வாயில் வராது. பெந்தெகொஸ்தே நண்பர்கள் பாட்டில் அதை வெகு சுலபமாகப் பாடுவார்கள். எங்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் 2009 மே 18ஆம் திகதி வட்டுவாகல்தான் ஞாபகம் வரும். யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் யோசேப் அன்றைக்குச் சரணடைந்தவர்களோடு சேர்ந்து போனார். அவர்களோடு அவரும் பஸ்ஸில் ஏறியதைச் சொந்தக்காரர்கள் கண்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை. வயதான மனுசன். தனிய வெளியே வந்திருந்தால் ஒருவேளை உயிரோடு இருந்திருப்பார்.

ஆகவே, கடவுளிடம் சரணடையச் சொல்லி எங்களிடம் யாராவது சொன்னால் நாங்கள் முதலில் கேட்பது: யாருடைய கையில்? நம்பிக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் பதில் சொல்லுகிற கையா அது? கெத்சமனியில் இயேசு தன்னைக் கையளிக்க முதல் கேட்டார். இந்தக் கிண்ணத்தை எடுத்துவிட முடியுமா என்று, அதுவும் ஒருதரம் இல்லை. வியர்வை இரத்தத் துளியாக விழுந்தது என்று எழுதியிருக்கிறது. அவ்வளவு கேட்ட பிறகுதான் கையளித்தார். கேட்கவே விடாமல் கையளிக்கச் சொல்லுகிறவர்கள் எந்த நற்செய்தியைப் படித்தார்களோ தெரியாது.

அவர் கற்பித்த செபத்தையே எடுங்கள். ஒவ்வொரு செபமாலையிலும் மறை உண்மைக்கு ஒருதரம் சொல்லுகிறோம். விண்ணில் நடப்பதுபோல மண்ணிலும் தகப்பனின் விருப்பம் நடக்க வேண்டும் என்று அதில் வேண்டுகிறோம். நடக்கிறதெல்லாம் ஏற்கனவே அவர் விருப்பம் என்றால் எதற்கு அந்த வேண்டுதல்? இன்னும் நடக்கவில்லை, நடக்க வேண்டும் என்பதால்தானே தினமும் கேட்கிறோம். எங்களில் மாற்றுக் கருத்தோடு இருந்தவர் இந்த இடத்தில்தான் முதல் தடவையாக அமைதியானார். பிறகு, "எண்டாலும் கடவுள் எல்லாம் வல்லவர் எண்டு விசுவாசப் பிரமாணத்தில சொல்லுறமே, அதை என்ன செய்யிறது?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. யோபுவுக்கும் கிடைக்கவில்லை. ஆனால் யோபுவின் கதை முடிகிற இடத்தில், எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்துக் கடவுளை நியாயப்படுத்திய மூன்று சினேகிதர்களைத்தான் கடவுள் கோபித்தார். சாம்பலில் இருந்து கத்திய யோபுவை அல்ல. அன்றைக்குப் புளியங்கூடலில் நாங்கள் இருந்தது அந்தச் சினேகிதர்களின் கதிரையில்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் குந்தினார்கள். பிறகு வவுனியா, முல்லைத்தீவு என்று பரவியது. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருசக்கணக்கில் வெயிலில் இருந்தார்கள். பிள்ளையைக் காணாமலே அவர்களில் எத்தனையோ பேர் கண்ணை மூடிவிட்டார்கள். மரணச் சான்றிதழை எடுங்கோ, நட்டஈட்டை வாங்குங்கோ, கடவுள் விட்ட வழி என்று அவர்களுக்குச் சொல்லாத ஆள் இல்லை. அவர்கள் எழும்பவில்லை. லூக்கா நற்செய்தியில் ஒரு கைம்பெண் வருகிறார், நீதி தராத நடுவரை விடாமல் போய்த் தட்டிக்கொண்டே இருக்கிறவர். செபத்துக்கு உதாரணமாக இயேசு காட்டியது அவரைத்தான்.

நாங்கள் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனது ஒக்ரோபர் மாதம், செபமாலை மாதத்தில். சிந்தனை ஒன்றும் ஆயத்தம் பண்ணிக்கொண்டு போகவில்லை. மே மாதம் பேசியவர்தான் முதலில் போய், "அம்மா, அண்டைக்கு நான் சொன்னது பிழை" என்றார். அம்மா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "நீ சின்னப் பிள்ளை. பெரியாக்களே அப்பிடித்தான் சொல்லீனம்" என்றுவிட்டு உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்தார். உள்ளே கடிதங்கள். மனித உரிமை ஆணைக்குழு, செஞ்சிலுவை, காணாமற்போனோர் அலுவலகம், எல்லாவற்றுக்கும் கொடுத்ததன் பிரதிகள். ஒரே விபரம், வேறு வேறு கையெழுத்து. ஒவ்வொரு தரமும் யாரோ ஒரு பிள்ளையைப் பிடித்து எழுதுவித்திருக்கிறார்.

"இன்னுமொண்டு எழுதோணும். கண் தெரியுதில்லை. ஆர் வடிவா எழுதுவியள்?"

அவரேதான் பேனையை எடுத்தார், மே மாதம் பேசியவர். அம்மா சொல்லச் சொல்ல எழுதினார். பெயர், பிறந்த திகதி, போட்டிருந்த சேட்டின் நிறம், கடைசியாகக் கண்ட இடம். சேட்டின் நிறத்தை எழுதும்போது, "மண்ணிறம் இல்லை, காவியுமில்லை, ரெண்டுக்கும் நடுவில" என்று அம்மா இரண்டு தரம் திருத்தினார். எழுதி முடித்து ஒருக்கா உரத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தோம். கையெழுத்து வைத்தார். பிறகு பையைக் கட்டி வைத்துவிட்டு, மேசையில் மெழுகுதிரியைக் கொளுத்தினார்.

"சரி, இனிச் செபமாலையைத் தொடங்குங்கோ. பக்கத்து வீட்டுப் பிள்ளையளும் வருங்கள், கதிரை காணாது, ரெண்டு பேர் போய் எடுத்து வாங்கோ."